சித்தியின் எதிரொலிப் பெட்டி

ஜூன் 2

அன்புள்ள சித்தி,

இந்தக் கடிதங்களில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை நம்பி ஒரு சோதனையை ஒப்படைத்திருக்கிறீர்கள். சோதனை செய்கிறவருக்கு ஆசை இருக்கலாம், அந்த ஆசை எழுதுகிற கைக்கு மட்டும் வந்துவிடக் கூடாது என்று எங்கள் அறிவியல் ஆசிரியை சொல்வார். எனக்கு ஆசை நிறைய இருக்கிறது. கையைப் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்றுப் பள்ளியிலிருந்து வந்தபோது பார்சல் கூடத்து மேசையில் இருந்தது. அம்மா அதைத் தொடவே தொடாதது போல நடந்துகொண்டாள். ஆனால் அனுப்பியவர் முகவரி மேலே தெரியும்படி திருப்பி வைத்திருந்தாள். "உன் சித்தி ஏதோ அனுப்பியிருக்கா. வெடிக்காதுன்னா உள்ள கொண்டு போ" என்றாள். நீங்கள் கணக்கு அலுவலக வேலையை விட்டுவிட்டு இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போக ஆரம்பித்ததிலிருந்து அம்மா 'என் தங்கச்சி' என்று சொல்வதில்லை. 'உன் சித்தி' என்கிறாள், ஏதோ உங்களை நான் செல்லம் கொடுத்துக் கெடுத்தது மாதிரி. வீட்டில் இருக்கும் போனும் அம்மாவுடையது. அதனால் நமக்குக் கடிதம்தான்.

பெட்டி என் அகராதியைவிடச் சின்னது, அதைவிடக் கனம். நீல நிறம். மேலே நான்கு திருகுகள், கீழே காலால் மிதிக்க இரண்டு சுவிட்சுகள், நடுவில் மிளகளவு ஒரு விளக்கு. நீங்கள் இங்கே விட்டுப்போன பழைய கிட்டாரையும் அதன் ஒலிபெருக்கியான சின்ன ஆம்பையும் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். கிட்டாரிலிருந்து ஒரு வயர் பெட்டிக்கு, பெட்டியிலிருந்து ஒரு வயர் ஆம்புக்கு. சுவிட்சை மிதித்ததும் விளக்கு நீலமாக எரிந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் ஒரே ஒரு கம்பியைத் தட்டினேன்.

சித்தி, அந்த ஒலி போனது, திரும்பி வந்தது. முதலில் என் அறையில், பிறகு பக்கத்து அறையில், பிறகு மாடிப்படியில், பிறகு தெருமுனையில் யாரோ அதையே சொல்லிக்கொண்டு நடந்து போவது போல. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மங்கி, கொஞ்சம் இதமாகி. நான் கம்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன், அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுபடி தட்டினேன். சாப்பிடக் கூப்பிடும்வரை தட்டினேன்.

அம்மா கதவருகில் வந்து, "ஒரு தடவை சொன்னா நாலு தடவை திருப்பிச் சொல்லுமா இது? இந்த வீட்டுல அதுக்கு நான் ஒருத்தி போதாதா?" என்றாள்.

பார்சலுக்குள் இருந்த உங்கள் குறிப்பிலிருந்து நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள். இரண்டு நிகழ்ச்சிகளில் மேடையில் நடுப்பாட்டில் இந்தப் பெடல் பெட்டி செத்துப்போனது. உங்கள் குழுவை நடத்துகிற பாடகர், இன்னொரு முறை அப்படி நடந்தால் நீங்கள் தொடங்கி வைக்கும் பாட்டைக் கீபோர்டுக்காரரிடம் கொடுத்துவிடுவேன் என்கிறார். இருபத்தெட்டாம் தேதி நம் ஊர் அரங்கில் உங்கள் நிகழ்ச்சி. அதற்குள் இது எதனால் சாகிறது என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். சரிதானே?

நாளைக்கே ஆரம்பிக்கிறேன்.

உங்கள் அக்கா மகள்

ஜூன் 6

என் நீதிபதியே,

சரி, நூற்றுக்கு நூறு சரி. உன் கடிதத்தை டிரம்ஸ்காரருக்குப் படித்துக் காட்டினேன். "ஆசை கைக்கு வரக் கூடாது" என்ற இடத்தில் டீயைத் துப்பிவிட்டார். "இந்தப் பொண்ணு உங்க குடும்பம்தானா, நல்லா விசாரிச்சீங்களா?" என்று கேட்கிறார்.

மேடையில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். அந்தப் பாட்டில் நான் வாசிப்பது பாதிதான். மீதிப் பாதியைப் பெட்டி வாசிக்கிறது. நான் ஒரு சுரம் தட்டினால் அதன் எதிரொலி அதற்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் வந்து விழும். இரண்டும் சேர்ந்து ஓடும்போது கேட்கிறவர்களுக்கு நாலு கை வாசிப்பது போல இருக்கும். பெட்டி நின்றுவிட்டால் என்ன ஆகும், யோசித்துப் பார். ஒன்றுவிட்டு ஒன்று படி இல்லாத மாடிப்படி. நான் நடுவில் தொங்கிக்கொண்டிருப்பேன். இரண்டு முறையும் அப்படித்தான் தொங்கினேன். குனிந்து பவர் வயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன், உயிர் வந்துவிட்டது. அதற்குள் பாட்டு போய்விட்டது.

உள்ளே ஏதோ வயரின் பற்றவைப்பு விட்டிருக்கிறது என்பது என் சந்தேகம். தலைவர் (பாடகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுகிறோம், அவர் அதைப் பாராட்டு என்று நினைக்கிறார்) என்ன சொல்கிறார் தெரியுமா? "பெட்டிக்கு ஒண்ணும் இல்ல. ஒத்திகையில ஒரு நாளாவது நின்னுச்சா? உனக்கு மேடை பயம். அதான் விஷயம்." நாலு பேர் முன்னால் சொன்னார். எனக்கு மேடை பயமாம். வேலையை விட்டு, உன் அம்மாவைப் பகைத்துக்கொண்டு, வேனில் மடங்கித் தூங்கி, இதற்காகவே வந்தவளுக்கு.

பிறகு அவரே போய் ஒரு புதுப் பெடல் வாங்கி வந்து என் காலடியில் வைத்துவிட்டார். உன்னிடம் பழையது இருக்கும் வரை அதில்தான் வாசிக்கிறேன். உண்மையைச் சொன்னால் அது நன்றாக உழைக்கும் பெடல். கல்லைப் போட்டாலும் உடையாது. ஆனால் அதன் எதிரொலி ஜெராக்ஸ். முதல் பிரதி எப்படியோ ஐந்தாவது பிரதியும் அப்படியே. சத்தம் மட்டும் குறையும், வேறெதுவும் மாறாது. நம் பெட்டியில் ஒலி போகப் போக வயதாகிறது. நீ மாடிப்படி, தெருமுனை என்று எழுதினாயே, அதைத்தான் நான் தலைவருக்கு ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், எனக்கு அந்த வார்த்தை கிடைக்கவில்லை.

ஆகவே அதைச் சித்திரவதை செய். தட்டு, உலுக்கு, சூடேற்று. விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடித்துக் கொடு. நான் தலைவர் மூக்குக்குக் கீழே நீட்ட வேண்டும். தவறு பெட்டியில்தான், என்னிடம் இல்லை என்று ஒரே ஒரு முறை நிரூபிக்க வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

சித்தி

ஜூன் 11

அன்புள்ள சித்தி,

சித்திரவதை செய்தேன். அது சாகவில்லை.

முதலில் உலுக்கல். வாஷிங் மெஷின் மேல் துண்டு விரித்து, அதன் மேல் பெட்டியை வைத்து, துணி பிழிகிற சுற்று ஓடும்போது கிட்டாரைத் தட்டினேன். மெஷின் குதித்தது, பெட்டி குதித்தது, நான் இரண்டையும் பிடித்துக்கொண்டு குதித்தேன். எதிரொலி ஒரு சுரம்கூடத் தவறவில்லை. வேனில் போவதால் வயர் நுனிகள் தளர்ந்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

பிறகு சூடு. அம்மாவின் ஹேர் டிரையரை அதன் மேல் பிடித்தேன். தொட்டால் கை சுடுகிற அளவுக்குச் சூடானது. அப்போதும் பாடியது. அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்தாள்.

"என்னடி பண்றே?"

"காயவைக்கிறேன் அம்மா."

"அது தலைக்குக் குளிச்சுதா?"

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். உங்கள் பாட்டு கைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதையும் சொன்னேன். அம்மா டிரையரை வாங்கிக்கொண்டு, "சூடு போதும். அதுக்கும் பாவம்" என்று போய்விட்டாள். சித்தி, இன்னொன்றும் எழுத வேண்டும். நான் சோதனை செய்யும்போது அம்மா மருந்துக்கடை வேலைக்குக் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியும் கூடத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே இருக்கிறாள். ஒரு செருப்பு மாட்ட இவ்வளவு நேரம் ஆகாது.

குளிரும் பார்த்தேன், பழைய அடாப்டரும் பார்த்தேன், அப்பாவின் ரேடியோவைப் பக்கத்தில் அலறவிட்டும் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் கதவைத் திறக்கும்போது இன்றைக்குச் செத்துவிடும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நான் அது சாக வேண்டும் என்று விரும்புகிறேன், அது ஒவ்வொரு முறையும் உயிரோடு பதில் சொல்கிறது. அப்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது. இது நல்ல சோதனையாளருக்கு அழகில்லை.

ஆனால் நேற்று ஒரு விஷயம் தோன்றியது. அது ஒத்திகையில் நிற்பதில்லை, மேடையில் மட்டும் நிற்கிறது என்று தலைவர் சொன்னது உண்மை என்றால், மேடையில் இருக்கிற ஏதோ ஒன்று ஒத்திகையில் இல்லை. அது பயமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமா? ஒத்திகை அறை எப்படி இருக்கும், மேடை எப்படி இருக்கும், இரண்டையும் எனக்கு விரிவாக எழுதுங்கள். அற்பமானது என்று எதையும் விட்டுவிடாதீர்கள். வெளிச்சம், தரை, நீங்கள் நிற்கும் இடம், உடுப்பு, எல்லாம்.

உங்கள் அக்கா மகள்

ஜூன் 14

நீதிபதி அவர்களுக்கு,

சாகாது என்றால் சாகவை. நிகழ்ச்சி நெருங்குகிறது, எனக்குத் தலையே போகிறது.

இந்த வாரம் இரண்டு ஊர்களில் புதுப் பெடலில் வாசித்தேன். நிற்கவே இல்லை. ஒரே ஒரு சுவிட்ச், மிதித்தால் எரியும், மிதித்தால் அணையும். தலைவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தியா, நம்பிக்கை வந்துடுச்சு உனக்கு" என்று என் தோளைத் தட்டினார். டிரம்ஸ்காரர் மட்டும் வேனில் ஏறும்போது, "பாட்டு சரியா இருந்துச்சும்மா. ரொம்பச் சரியா இருந்துச்சு. கணக்குப் பரிட்சை எழுதின மாதிரி" என்றார்.

நீ கேட்டது. ஒத்திகை அறை ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. சுவரெல்லாம் பஞ்சு, தரையெல்லாம் தடித்த கம்பளம். அறைச் சொந்தக்காரருக்கு அந்தக் கம்பளம் பெற்ற பிள்ளை மாதிரி, செருப்பு ஷூ எல்லாம் வெளியே கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு ட்யூப் லைட். டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஸ்டூல், அதில் நான்.

மேடை பலகைத் தரை. கண்ணைக் கூசும் வெளிச்சம். அந்தப் பாட்டுக்கு மட்டும் தலைவர் எல்லாவற்றையும் சிவப்பாக்கச் சொல்வார், சோகமாம். சூடு, புகை, சத்தம். நான் நின்று வாசிப்பேன். கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், என் பெரிய பூட்ஸ். நீ பார்த்ததில்லை, முழங்கால் வரை கயிறு கட்டுகிற பூட்ஸ், இரண்டு விரற்கடைத் தடிமனான அடிப்பாகம். சிரிக்காதே. அது இல்லாவிட்டால் நான் ஆம்புக்குப் பக்கத்தில் அரை ஆள். அதை மாட்டினால்தான் கடைசி வரிசைக்கு நான் இருப்பதே தெரியும்.

வேறென்ன? ஒன்றுமில்லை. சீக்கிரம் எழுது.

சித்தி

ஜூன் 18

அன்புள்ள சித்தி,

கண்டுபிடித்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அதில் சொன்ன ஒவ்வொன்றையும் என் அறையில் உண்டாக்கிப் பார்த்தேன். சிவப்புக்கு, விளக்கின் மேல் சிவப்புத் தாள் ஒட்டினேன். பலகைக்கு, கட்டிலின் பலகையை எடுத்துத் தரையில் போட்டேன். ஸ்டூலில் உட்காராமல் நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் பூட்ஸ். இதுவரை நான் வெறுங்காலால்தான் மிதித்திருக்கிறேன். முதலில் என் பள்ளி ஷூ, ஒன்றுமில்லை. அப்பா கிடங்கு வேலையிலிருந்து வந்ததும் அவருடைய வேலை பூட்ஸை வாங்கி மாட்டிக்கொண்டேன், முன்பக்கம் இரும்பு வைத்தது. என் இரண்டு காலும் ஒரே பூட்ஸில் போகும். அப்பா, "பாப்பா, எங்க புறப்பட்டே, சரக்கு இறக்கவா?" என்றார்.

மிதித்தேன். எதிரொலி நின்றுவிட்டது.

நான் கம்பியைத் தட்டினேன். வெறும் கிட்டார் ஒலி மட்டும் வந்தது, பக்கத்து அறையிலும் யாருமில்லை, மாடிப்படியிலும் யாருமில்லை. நீல விளக்கு சிவப்பாக மாறியிருந்தது. "அப்பா, செத்துடுச்சு" என்று கத்தினேன். அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். நாங்கள் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தோம். பவரைப் பிடுங்கிச் செருகினேன், நீலம் வந்தது. பூட்ஸோடு மிதித்தேன், சிவப்பு. பூட்ஸைக் கழற்றிவிட்டு மிதித்தேன், நீலம். அம்மாதான் தலையைத் தரையோடு வைத்துப் பக்கவாட்டில் பார்த்துச் சொன்னாள்: "ரெண்டையும் சேர்த்து மிதிக்கிறேடி."

அதுதான், சித்தி. இரண்டு சுவிட்சையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் பெட்டி வேறு வேலைக்குப் போய்விடுகிறது. அப்போது அது நாம் வாசிப்பதைப் பதிவு செய்யக் காத்திருக்கிறது. கையால் இரண்டையும் அழுத்திப் பார்த்து இதை உறுதி செய்துகொண்டேன். எதிரொலியை நிறுத்திவிட்டு, சிவப்பு விளக்கோடு, அடுத்த கட்டளைக்காகப் பொறுமையாக நிற்கிறது. மேடை முழுக்கச் சிவப்பாக இருக்கும்போது மிளகளவு விளக்கு நிறம் மாறியது உங்களுக்கு எப்படித் தெரியும்? பவரைப் பிடுங்கினால் பழைய வேலைக்குத் திரும்பிவிடுகிறது, அதனால் பழுது என்று நினைத்தீர்கள். ஒத்திகையில் ஷூ இல்லை. புதுப் பெடலுக்கு ஒரே சுவிட்ச். எல்லாம் பொருந்துகிறது.

இதற்கு மேல் எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதினேன். முதலாவதில், 'ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று எழுதினேன், அதைக் கிழித்தேன். இரண்டாவதில், சுவிட்சுகளை மிக நெருக்கமாக வைத்தது செய்தவர்களின் தவறு என்று மட்டும் எழுதினேன். அதுவும் ஓரளவு உண்மைதான். ஆனால் நீங்கள் கேட்டது, தவறு பெட்டியில்தானா என்று. பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை. மிதித்ததை அது செய்தது. மிதித்தது உங்கள் கால்.

மேடை பயம் இல்லை என்பதும் இதனால் நிரூபணமாகிறது. அதையும் சேர்த்துப் படியுங்கள்.

உங்கள் அக்கா மகள்

ஜூன் 20

உன் கடிதம் கிடைத்தது.

மருத்துவரிடம் அனுப்பினேன் என்று நினைத்தேன், தீர்ப்பு வந்திருக்கிறது. இரண்டு மேடையிலும் நான் என் காலால் என் பாட்டையே மிதித்தேன் என்று தலைவரிடம் போய்ச் சொல்ல வேண்டுமா? அதைவிட மேடை பயம் என்று ஒத்துக்கொள்வது கௌரவம்.

பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடு. பரிட்சைக்குப் படி.

சித்தி

ஜூன் 22

அன்புள்ள சித்தி,

பெட்டியை இதோடு அனுப்புகிறேன். எனக்குக் கோபமாக இருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நீங்கள் என்னை நீதிபதி என்று கூப்பிட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அதே வார்த்தையைத் திருப்பி என் மேல் எறிகிறீர்கள். நான் தீர்ப்பு எழுதவில்லை. நான் அந்தப் பெட்டியோடு பதினைந்து நாட்களுக்கு மேல் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதன் மேல் வீண்பழி விழுந்தால் எனக்குப் பொறுக்கவில்லை. அதேபோல் உங்கள் மேல் மேடை பயம் என்ற வீண்பழி விழுந்தாலும் பொறுக்கவில்லை. இரண்டு பழியையும் ஒரே உண்மைதான் துடைக்கிறது. அது கொஞ்சம் அசட்டுத்தனமான உண்மையாக இருப்பதற்கு நான் என்ன செய்ய?

பற்றவைப்பு விட்டிருந்தால் உங்களால் என்ன செய்ய முடியும்? ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் எப்போது நிற்குமோ என்று பயந்துகொண்டே வாசிப்பீர்கள். இப்போது அது நிற்காது என்று தெரியும். எனக்கு இது நல்ல செய்தி என்றுதான் இன்னமும் தோன்றுகிறது.

இடது சுவிட்சின் மேல் பற்பசைக் குழாயின் மூடியை ஒட்டியிருக்கிறேன். அது உயரமாக இருப்பதால் பூட்ஸ் அதை மட்டும் தொடும், மற்றதைத் தொடாது. அப்பாவின் பூட்ஸோடு சோதித்தேன், நன்றாக வேலை செய்கிறது. பார்க்க அழகாக இல்லை. பசை அப்பாவுடையது. கிடங்கில் மரப்பெட்டிக்கு ஒட்டுவது, ஆனால் பிளாஸ்டிக்கில் எவ்வளவு நாள் பிடிக்கும் என்று உத்தரவாதம் இல்லை என்றார்.

பெட்டியை நான் செய்தித்தாளில் சுற்றினேன். அம்மா பிரித்து, தன் பழைய ஸ்வெட்டரில் சுற்றினாள். "வழியில அடிபட்டா அப்புறம் அதையும் நம்மதான் பண்ணோம்னு சொல்லுவா" என்றாள். பிறகு, "சாப்பிடறாளாமா?" என்று கேட்டாள். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்று சொன்னேன். தயவுசெய்து எழுதுங்கள்.

அப்பா மூன்று டிக்கெட் வாங்கியிருக்கிறார். அம்மா தான் வரவில்லை என்கிறாள்.

உங்கள் அக்கா மகள்

ஜூன் 25

கண்ணு,

சாப்பிடுகிறேன். உன் அம்மாவிடம் சொல். ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கை இரண்டும் குட்டை. இது எந்தக் காலத்து ஸ்வெட்டர் என்று அவளுக்குத் தெரியும்.

கோபப்பட்டது நல்லது. என் மேல் யாராவது கோபப்பட வேண்டியிருந்தது. நேற்று ஒத்திகை அறைக்கு மற்றவர்களுக்கு முன்னால் போனேன். அறைச் சொந்தக்காரரிடம் பூட்ஸோடு உள்ளே வர அனுமதி கேட்டேன். "முதல்ல என் கழுத்துல கால வைங்க, அப்புறம் கம்பளத்துல வைங்க" என்றார். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து அதன் மேல் என்னை நிறுத்தினார். மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, பாட்டை ஆரம்பித்தேன், மேடையில் எப்படியோ அப்படி. இரண்டாவது சரணத்துக்கு மாறும் இடத்தில், எதிரொலியின் வேகத்தை மாற்ற, எப்போதும்போல் இடது சுவிட்சை மிதித்தேன். சிவப்பு.

நீதிபதி அவர்களே, நான் அந்த ஷீட்டின் மேலேயே உட்கார்ந்து சிரித்தேன். இரண்டு மேடை. பற்றவைப்பு என்று எத்தனை பேரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அந்தப் பெட்டி பாவம், கூப்பிட்டதும் ஓடி வந்து 'என்ன வேணும்' என்று நின்றிருக்கிறது, நான் கழுத்தைப் பிடித்து வயரைப் பிடுங்கியிருக்கிறேன்.

மூடியை மறுபடி ஒட்டிவிட்டேன். ஆனால் தலைவரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் முடிவு செய்துவிட்டார், உன் ஊர் நிகழ்ச்சியில் எல்லாப் பாட்டுக்கும் புதுப் பெடல்தான், அந்தப் பாட்டு உட்பட. "பெரிய அரங்கம். சோதனை எல்லாம் வேண்டாம்" என்கிறார். இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ள மட்டும் கெஞ்சி அனுமதி வாங்கியிருக்கிறேன். எதை மிதிப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மேடையில் இருப்பவர்களுக்குத் தங்கள் ஒலி வெளியே எப்படிக் கேட்கிறது என்று தெரியாது. வருகிறவர்கள் எல்லாரும் 'சூப்பர்' என்பார்கள். நேரில் கேட்டால் நீயும் அதைத்தான் சொல்வாய், உன் முகம் எனக்குத் தெரியும். அதனால் எழுதிக் கொடு. நிகழ்ச்சி முடிந்ததும் நாங்கள் சாமான் ஏற்ற வெகு நேரமாகும். அதற்குள் நீ உட்கார்ந்த இடத்திலிருந்து என்ன கேட்டதோ அதை எழுது. வேன் கிளம்பும் முன் வாங்கிக்கொள்கிறேன்.

சித்தி

ஜூன் 28, அரங்கில், ஏழாவது வரிசை

அன்புள்ள சித்தி,

மக்கள் போய்விட்டார்கள். அப்பா வண்டியை எடுக்கப் போயிருக்கிறார். நீங்கள் கேட்டபடி உட்கார்ந்த இடத்திலேயே எழுதுகிறேன்.

அம்மா வந்தாள். டிக்கெட் வீணாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நீங்கள் மேடையில் நுழைந்ததும், "இவ எப்ப இவ்வளவு உயரமானா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

முதல் பாட்டுகளில் புதுப் பெடல் நன்றாக வேலை செய்தது. அதையும் நியாயமாக எழுத வேண்டும். தெளிவாக இருந்தது. எனக்கு அது பிடிக்காமல் போகும் என்று நினைத்து வந்தேன், வேகமான பாட்டுக்கு அதுதான் பொருத்தம் என்று தோன்றியது.

மூன்றாவது பாட்டில் உங்கள் பூட்ஸ் பழைய பெட்டியில் இடித்தது. ஏதோ வெள்ளையாகத் தெறித்து மேடையில் உருண்டு டிரம்ஸுக்குக் கீழே போனது. அது பற்பசை மூடி என்று இந்த அரங்கத்தில் எங்கள் மூவருக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரிந்திருக்கும். அம்மாவின் கையைப் பிடித்தேன். "என்னடி?" என்றாள். "மூடி போயிடுச்சு" என்றேன். அம்மாவுக்கு உடனே புரிந்தது.

பிறகு மேடை சிவப்பானது. அந்தப் பாட்டுதான். நீங்கள் கீழே பார்த்தீர்கள். ஒரு பக்கம் புதுப் பெடல், ஒற்றை சுவிட்சோடு தயாராக இருந்தது. இன்னொரு பக்கம் நம்முடையது, மொட்டையாக. தலைவர் உங்களைப் பார்த்துத் தலையை அசைத்தார், ஆரம்பி என்று. நீங்கள் ஆரம்பிக்கவில்லை. அரங்கம் காத்திருந்தது. எங்கேயோ ஒருவர் இருமினார். அப்போது நீங்கள் தலைவரிடம் திரும்பிச் சொன்னது அவருடைய மைக்கில் விழுந்து எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. பயமும் இல்ல. என் பூட்ஸ்தான் ரெண்டு சுவிட்சையும் சேர்த்து மிதிச்சிருக்கு, அந்த ரெண்டு தடவையும்."

சித்தி, தலைவர் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியாத முகம். பிறகு உங்கள் காலைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி காலைப் பார்த்தார். அவர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவந்து, "அப்ப கழட்டும்மா. நாங்க எங்கயும் போகல" என்றார். அரங்கமே சிரித்தது. நீங்கள் டிரம்ஸ் மேடையின் விளிம்பில் உட்கார்ந்து கயிறுகளை அவிழ்த்தீர்கள். அது சீக்கிரம் முடிகிற காரியமாக இல்லை. டிரம்ஸ்காரர் கயிறு கழன்ற ஒவ்வொரு துளைக்கும் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார், மக்கள் சேர்ந்து கை தட்டினார்கள். "சின்ன வயசுலயும் இப்படித்தான், முடிச்ச அவிழ்க்கத் தெரியாது இவளுக்கு" என்று அம்மா சொன்னாள். அவள் அழுதுகொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன், சிவப்பு வெளிச்சத்தில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நீங்கள் எழுந்து நின்றபோது உயரம் நிஜமாகவே குறைந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஆம்ப் உங்கள் இடுப்புக்கு வந்தது. ஒரு சாக்ஸ் கறுப்பாகவும் ஒன்று வெளிறியும் தெரிந்தது. எனக்குப் பின்னால் ஒருவர், "கிட்டார்காரம்மா எங்க?" என்றார். "தோ, அந்தக் குட்டையா இருக்கறவங்கதான்" என்றார் இன்னொருவர்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

முதல் சுரம் கொஞ்சம் முந்திவிட்டது. இரண்டாவது சுரம் சரியாக விழுந்தது, அதற்குள் முதலாவதன் எதிரொலி வந்து அதைத் தொட்டது. அதற்குப் பிறகு எது உங்கள் கை, எது பெட்டி என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. என் அறையில் அது தெருமுனை வரை போனது. இங்கே அது கூரைக்குப் போய், கடைசி வரிசைக்குப் போய், என் முதுகுப் பக்கமாகத் திரும்பி வந்தது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அசையாமல் இருந்தார்கள். இரண்டாவது சரணத்தில் எதிரொலி தலைவரின் குரலைவிட அதிகமாக இருந்தது. ஒரு வரி எனக்குக் கேட்கவே இல்லை. அடுத்த முறை அந்த இடத்தில் குறைத்துக்கொள்ளுங்கள். சரணம் மாறும் இடத்தில், நீங்கள் சொன்ன அதே இடத்தில், சாக்ஸ் போட்ட கால் இறங்குவதைப் பார்த்தேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். நிற்கவில்லை. கடைசியில் நீங்கள் கையை எடுத்துவிட்டுச் சும்மா நின்றீர்கள், பெட்டி மட்டும் வாசித்துக்கொண்டே போனது, மங்கி, மங்கி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு. அது எப்போது முடிந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது, ஏனென்றால் கைதட்டல் வர நேரமானது. பிறகு வந்தது. என் காது இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது.

சூப்பர் என்ற வார்த்தையை நான் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது மேடையில் வயர்களைச் சுருட்டுகிறார்கள். தலைவர் புதுப் பெடலை அதன் அட்டைப்பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டுகிறார். பழையதைக் குனிந்து எடுத்து, கையில் கனம் பார்த்து, உங்கள் பையின் மேல் வைத்தார். டிரம்ஸ்காரரிடம், "அடுத்த ஊர்லயும் இந்தப் பாட்ட இவளே ஆரம்பிக்கட்டும். பூட்ஸ மட்டும் வேன்ல பூட்டி வை" என்று சொன்னது இங்கே வரை கேட்டது. இதை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்பதால் வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன்.

அம்மா என் பக்கத்தில் இல்லை. நீங்கள் வெளியே வரும் பின்வாசல் பக்கம் போய்விட்டாள், எனக்கு முன்னாலேயே. நான் இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே உட்கார்ந்திருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

அரங்கக் காவலர் சுவரோரம் நடந்து ஒவ்வொரு வரிசையாக விளக்கை அணைத்துக்கொண்டு வருகிறார். பின்வரிசைகள் போய்விட்டன. "பாப்பா, எழுதி முடிச்சாச்சா?" என்று கேட்கிறார். இதோ, இந்த வரியோடு என்று சொன்னேன். சரி என்று நின்று பார்த்தார், தாளில் இன்னும் இடம் இருப்பதைக் கண்டுகொண்டார், சிரித்துவிட்டு விளக்குகளை அணைத்துவிட்டார், இந்த வரியை மேடை வெளிச்சத்தில் எழுதுகிறேன்.